பெட்டி வைத்தால் போதுமா?

கோடை பிறந்ததும் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் திறப்பது நம் தோழர்களுக்குப் பழகிப்போன தொண்டு. திறப்பு நாளன்று தோரணம் என்ன, ஒலிபெருக்கி என்ன, பெரியவர்கள் வரிசையாக நின்று முதல் குவளை நீரை வழங்கும் காட்சி என்ன! நல்லதுதான். ஆனால் இருபது நாள் கழித்து அதே தெருமுனைக்குப் போய்ப் பாருங்கள். எல்லாப் பந்தலையும் சொல்லவில்லை, சிலவற்றைச் சொல்கிறோம். பானை இருக்கும், கழுவ ஆள் இராது. அடியிலே பாசி, மேலே தூசி. பந்தலே இல்லாவிட்டால் தாகத்தோடு வந்தவன் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். 'இங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும்' என்ற பலகையை நம்பி நின்றானே, அவனுக்கல்லவா கேடு!

தொண்டு செய்ய முன்வருவது ஒன்று. தொடங்கிய தொண்டைக் கெடாமல் காப்பது மற்றொன்று. இந்த வேற்றுமையை இன்று உள்ளங்கையளவுக் கணினி ஒன்றை முன்வைத்துப் பேச எண்ணுகிறோம். கணினி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், தோழர்களே! இது கணினிக்காரர்களின் தனிச் சரக்கு அல்ல. யாருடைய பேச்சை யார் ஒட்டுக்கேட்பது என்ற பழைய வழக்கின் புதிய கிளை இது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், பள்ளிப் பிள்ளைகள் கணினியைக் கையாளப் பழக வேண்டும் என்ற நோக்கத்தோடு எபன் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் ஒரு மலிவுக் கணினியை உருவாக்கினார்கள். 'ராஸ்பெரி பை' என்று பெயர். 2012 பிப்ரவரி இறுதியில் விற்பனைக்கு வந்தது. ஒரே ஒரு பலகை. அதன்மேல் செயலி, நினைவகம், கம்பி செருகும் துளைகள் எல்லாம் அடக்கம். விலை 35 டாலர். நினைவுத் தட்டுக்குப் பதிலாக எஸ்.டி. கார்டு. இழுக்கும் மின்சாரமோ சில வாட் மட்டுமே. இரவு பகலாக ஓடவிட்டாலும் மின்கட்டணம் கையைக் கடிக்காது. பிள்ளைகளுக்கென்று செய்ததைப் பெரியவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். வீட்டு வாயிற்கதவு முதல் தொழிற்சாலை அளவைக் கருவி வரை எங்கெங்கோ அது புகுந்துவிட்டது.

புகுந்த இடங்களில் ஒன்றுதான் 'டார்' என்னும் வலைப்பின்னல்.

டார் என்றால் என்ன? மடல் ஒன்று அனுப்புகிறீர்கள். அதை ஓர் உறையில் இட்டு, அந்த உறையை இன்னோர் உறையில் இட்டு, அதையும் மூன்றாவது உறையில் இட்டு ஒட்டிவிடுகிறீர்கள். முதல் ஆள் வெளியுறையைக் கிழிப்பான். உள்ளே அடுத்த ஆளின் முகவரி மட்டுமே தெரியும். இரண்டாமவன் நடு உறையைக் கிழிப்பான். மூன்றாமவன் கடைசி உறையைக் கிழித்து மடலை உரிய இடத்தில் சேர்ப்பான். முதல் ஆளுக்கு அனுப்பியவரைத் தெரியும். எங்கே போகிறது என்பது தெரியாது. மூன்றாம் ஆளுக்குப் போகும் இடம் தெரியும். யார் அனுப்பியது என்பது தெரியாது. நடு ஆளுக்கு இரண்டும் தெரியாது. வெங்காயத்தின் தோல்போல அடுக்கடுக்காக உரிவதால் வெங்காய வழி என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். இந்த மூன்று ஆட்களும் சம்பளக்காரர்கள் அல்லர். உலகெங்கும் ஏழாயிரம், எட்டாயிரம் என்ற அளவில் தொண்டர்கள் தங்கள் செலவில் ஓட்டும் கணினிகளே இந்த அஞ்சல்காரர்கள்.

தோழர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்பார்: "இதை ஆக்கியது அமெரிக்கக் கடற்படை அல்லவா? ஏகாதிபத்தியத்தின் பட்டறையில் அடித்த பூட்டை நம்பலாமா?" நல்ல கேள்வி. மழுப்பத் தேவையில்லை. 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் பால் சைவர்சன், மைக்கேல் ரீட், டேவிட் கோல்ட்ஷ்லாக் ஆகியோர் வகுத்ததுதான் இந்த வழி. பின்னர் ரோஜர் டிங்கிள்டைன், நிக் மேத்யூசன் ஆகியோர் சேர்ந்து 2002 இல் பொது வலைப்பின்னலாக ஓடவிட்டார்கள். 2006 இல் இலாப நோக்கமற்ற ஓர் அமைப்பு இதற்கென நிறுவப்பட்டது. கடற்படை ஏன் இதை ஊருக்குத் திறந்துவிட்டது? தருமசிந்தனையால் அல்ல! கடற்படைக்காரன் மட்டுமே முகமூடி அணிந்து தெருவில் போனால், முகமூடி அணிந்தவனெல்லாம் கடற்படைக்காரன் என்று சிறுபிள்ளையும் சொல்லிவிடும். கூட்டத்தோடு கூட்டமாகப் போனால்தான் மறைவு. தன் தேவைக்காகவே அது ஊராரைக் கூப்பிட்டது. ஊரார் வந்தார்கள், மென்பொருளின் ஒவ்வொரு வரியையும் யார் வேண்டுமானாலும் படித்துச் சோதிக்கலாம் என்ற நிலையும் வந்தது. எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களில் ஒன்றை 2013 அக்டோபரில் இங்கிலாந்தின் 'கார்டியன்' ஏடு வெளியிட்டது. டாரைப் பயன்படுத்தும் எல்லாரையும் எல்லா நேரமும் அடையாளம் காண இயலாது என்று அமெரிக்க ஒற்று நிறுவனமே அதில் அலுத்துக்கொண்டிருந்தது.

"கள்ளர்களும் கயவர்களும் அல்லவா இதில் ஒளிகிறார்கள்?" என்பது அடுத்த கேள்வி. ஒளிகிறார்கள். இருட்டில் கள்ளனும் நடக்கிறான். இரவு முறை வேலை முடிந்து ஆலைத் தொழிலாளியும் நடக்கிறான். 2021 டிசம்பரில் உருசிய அரசு டாரைத் தடுக்க முனைந்ததே, அங்கே செய்தி படிக்க வழி தேடியவர்கள் கள்ளர்களா? 2022 செப்டம்பரில் ஈரானில் பெண்கள் தெருவில் இறங்கியபோது இணையத்தை அரசு நெரித்ததே, வெளியுலகுக்குச் செய்தி அனுப்பத் தவித்தவர்கள் கயவர்களா? தடை போட்ட நாடுகளிலிருந்து உள்ளே நுழைய வெளியில் பட்டியலிடாத நுழைவாயில்கள் உண்டு. 'பாலம்' என்று பெயர். அதற்குப் பெரிய கணினி தேவையில்லை. விநாடிக்கு 1 மெகாபிட் வேகம் இருந்தாலே போதும் என்று டார் திட்டத்தாரே சொல்கிறார்கள். 35 டாலர்ப் பலகை அந்த வேலைக்குத் தாராளம். வேறொரு நாட்டில், ஒரு வீட்டு அலமாரியில், ரவுட்டருக்குப் பக்கத்தில் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும் சிறு பெட்டி வழியாகத் தெகரான் நகரத்து மாணவி ஒருத்தி வாய்திறந்து பேச முடியும் என்றால், அதைவிட மலிவான தொண்டு வேறு உண்டா?

இல்லை. ஆனால் மலிவான தொண்டுக்கு ஒரு நோய் உண்டு. மலிவாக வந்ததை எளிதில் மறந்துவிடுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பெட்டியை அமைத்தவர், அதை ரவுட்டருக்குப் பின்னால் சொருகிவிட்டு, நான்கு பேரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, ஐந்தாம் மாதம் அது இருப்பதையே மறந்துபோகிறார். பெட்டி மறப்பதில்லை! பழைய மென்பொருளோடு, அறிந்த ஓட்டைகளோடு, இரவும் பகலும் அஞ்சல் சுமந்துகொண்டே இருக்கிறது.

ஓட்டை என்றால் எப்படிப்பட்ட ஓட்டை? ஒன்றைச் சொல்வோம்.

இணையத்தில் பூட்டிய பேச்சில் பெரும்பகுதிக்குப் பூட்டாக இருப்பது 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்னும் நூலகம். டாரும் அதையே பயன்படுத்துகிறது. 2012 இல் அதில் ஒரு பிழை நுழைந்தது. 2014 ஏப்ரல் 7 அன்றுதான் ஊரறிய வெளிப்பட்டது. 'ஹார்ட்பிளீட்' என்று பெயரிட்டார்கள். குருதி கசியும் நெஞ்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் இருந்துகொண்டு ஒரு பொய்க் கேள்வி கேட்டால் போதும், கணினி தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அப்படியே அள்ளிக் கொடுத்துவிடும். திரும்பத் திரும்பக் கேட்கலாம். கடவுச்சொல் வரும், திறவுகோல் வரும். கேட்டுச் சென்ற சுவடு பெரும்பாலும் இராது. ராஸ்பெரி பைக்கென்று அப்போது வழங்கிய இயங்குதளத்திலும் அதே பிழை கொண்ட பதிப்புதான் இருந்தது. திருத்தம் உடனே வந்தது. வந்த திருத்தத்தைப் போட்டவர் தப்பினார். போடாதவர் பெட்டி, மூன்று உறை மடலில் தன் பங்கு உறையைக் கண்ணாடித் தாளாக மாற்றி வைத்திருந்தது. அந்த மாதமே டார் வலைப்பின்னலைக் காப்பவர்கள், திருத்தம் போடாமல் இருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட அஞ்சல்நிலையங்களின் திறவுகோல்களைப் பட்டியலிலிருந்து தள்ளினார்கள்.

இங்கே ஒரு வேதனையையும் சொல்லியாக வேண்டும். உலகத்து வணிக நிறுவனங்களெல்லாம் நம்பியிருந்த அந்த நூலகத்துக்கு, அது வெளிப்பட்ட நாள்வரை ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். பூட்டு எல்லாருக்கும் வேண்டும். பூட்டுக்கு எண்ணெய் போடுகிறவனுக்குக் கூலி கொடுக்க ஆளில்லை! கட்டியவன் பெயரைக் கல்லில் வெட்டுவதும், பராமரிப்பவனை வாசலில் நிறுத்துவதும் எல்லாத் தொழிலிலும் உள்ள வழக்கம்தான். கணினித் தொழில் மட்டும் விலக்கா என்ன?

அஞ்சல்காரர் பக்கம் மட்டுமல்ல, அனுப்புவோர் பக்கத்திலும் இதே கதை. 2013 சூன் இறுதியில் டார் உலாவிக்கு ஒரு திருத்தம் வெளியாயிற்று. ஆகஸ்டுத் தொடக்கத்தில், குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களைப் பரப்பிய தளங்களைப் பிடிக்க அமெரிக்கக் காவல்துறை ஒரு பொறி வைத்தது. அந்தப் பொறி எதில் சிக்கியது தெரியுமா? ஐந்து வாரத்துக்கு முன்பே அடைக்கப்பட்ட அதே ஓட்டையில்! திருத்தம் போடாதவர்கள் அகப்பட்டார்கள். அப்படிப்பட்ட கொடியவர்கள் அகப்பட்டதில் நமக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. ஆனால் ஓட்டைக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. இன்று அந்த நாட்டுக் காவலர் நுழைந்த வழியில், நாளை வேறொரு நாட்டுச் சர்வாதிகாரியின் ஒற்றனும் நுழைவான். வழி திறந்திருந்தது என்பதுதான் பாடம்.

இனி வழக்கின் நடுப்பகுதிக்கு வருவோம். பழைய பதிப்பை ஓட்டுகிற தொண்டரை வலைப்பின்னல் என்ன செய்வது?

டாரில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. நம்பிக்கைக்குரியவர்கள் நடத்தும் ஒன்பது அளவிலான கணினிகள் மணிக்கொரு முறை வாக்களித்து, எந்தெந்த அஞ்சல்நிலையங்கள் நல்ல நிலையில் இருக்கின்றன என்ற பட்டியலை வெளியிடுகின்றன. நம் நாட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. அங்கே நாளொன்றுக்கு இருபத்துநான்கு தேர்தல்! அந்தப் பட்டியலிலேயே எந்தெந்தப் பதிப்பு பரிந்துரைக்கத் தக்கது என்ற குறிப்பும் உண்டு. உங்கள் பெட்டியில் ஓடுவது அதில் இல்லையென்றால், தயவுசெய்து புதுப்பியுங்கள் என்று பெட்டி தன் பதிவேட்டில் எழுதி வைக்கும். பாவம், படிக்கத்தான் ஆள் வேண்டும்.

2019 அக்டோபரில் அவர்கள் கணக்கெடுத்தபோது, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் சுமார் 750 நிலையங்கள் ஆதரவு முடிந்த பதிப்புகளை ஓட்டிக்கொண்டிருந்தன. வலைப்பின்னலின் சுமைதாங்கும் திறனில் அவை நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. முகவரி கொடுத்திருந்தவர்களுக்கு மடல் எழுதிப் பார்த்தார்கள். பிறகு கதவை அடைத்தார்கள். "தொண்டனை விரட்டுவதா? எட்டில் ஒரு பங்கு பலத்தைத் தாமே வெட்டிக்கொள்வதா?" என்று அங்கலாய்த்தவர்கள் உண்டு. நாம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. வெட்டியது சரி என்றே சொல்கிறோம்.

ஏன்? ஆள் கணக்குக் காட்டி மயங்குவது அமைப்புகளுக்கு வரும் பெருநோய். பதிவேட்டில் ஆயிரம் பெயர், வேலைக்கு அழைத்தால் நாற்பது பேர் என்ற நிலையை நாமும் பார்த்திருக்கிறோம். சாதாரண அமைப்பில் அந்தத் தொள்ளாயிரத்து அறுபது பேர் வெறும் சுமை. இங்கேயோ அவர்கள் சுமை மட்டுமல்லர், ஆபத்து. ஏரிக்கரையில் நண்டு வளை ஒன்றுதானே என்று விட்டால் வெள்ளக் காலத்தில் கரையே போகும். ஒரே ஒரு நிலையம் கெட்டால் மூன்று உறையும் அவிழ்ந்துவிடாது, உண்மை. ஆனால் முதல் ஆளும் மூன்றாம் ஆளும் ஒரே பகைவன் கையில் சிக்கினால், உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் ஒப்பிட்டே அவன் கணக்குத் தீர்த்துவிடுவான். பகைவனுக்கு வேண்டியது எளிதில் உடையும் பெட்டிகள். அவற்றைத் தொண்டு என்ற பெயரால் நாமே வரிசையாக அடுக்கி வைப்பதா?

ஆனால் கண்டிப்புக்கு மறுபக்கம் ஒன்று உண்டு; அதைச் சொல்லாமல் விட்டால் நாம் ஏழையின் பக்கம் பேசியவர்கள் ஆக மாட்டோம். பழைய பதிப்பை ஓட்டுகிறவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர். புதியது அவர்களுக்கு வந்து சேரவே இல்லை!

இந்தக் குழப்பத்தைச் சற்று விளக்க வேண்டும். முதல் ராஸ்பெரி பையில் இருந்தது பழைய வகை 'ஆர்ம்' செயலி, ஆறாம் தலைமுறை. 'டெபியன்' என்னும் புகழ்பெற்ற கட்டற்ற இயங்குதளத்தார் 'ஆர்ம்-எச்.எஃப்.' என்ற பெயரில் வெளியிட்ட தொகுப்புகளோ ஏழாம் தலைமுறைக்கானவை. ஆகவே தொண்டர்கள் சிலர் 2012 இல் டெபியனை எடுத்து, ஆறாம் தலைமுறைக்கு ஏற்ப முழுவதையும் மறுபடி ஆக்கி 'ராஸ்பியன்' என்று கொடுத்தார்கள். அரும்பணி. ஆனால் அவர்களும் தம் தொகுப்புகளுக்கு 'ஆர்ம்-எச்.எஃப்.' என்ற அதே பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஒரே ஊரில் இரண்டு முருகேசன். அஞ்சல்காரர் என்ன செய்வார்? டெபியனுக்கென்று ஆக்கிய புதிய தொகுப்பைப் பழைய பையில் போட்டால், தனக்குப் புரியாத கட்டளை என்று செயலி நின்றுவிடும். ராஸ்பியன் டெபியன் அல்ல, எங்கள் களஞ்சியத்துத் தொகுப்பை அதில் போடாதீர்கள் என்று டார் திட்டத்தார் தங்கள் வழிகாட்டியில் எச்சரிக்கையே எழுதி வைக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் பழைய பை வைத்திருப்பவருக்கு என்ன வழி? இயங்குதளத்தோடு வரும் டார் பதிப்பையே ஓட்டலாம். அதுவோ காலத்தால் பின்தங்கியது. டெபியன் நிலைப்பதிப்பு சுமார் இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியாவது. வெளியான அன்று இருந்த பதிப்பை வைத்துக்கொண்டு, பெரும் ஓட்டைகளுக்கு மட்டும் ஒட்டுப்போடுவது அதன் வழக்கம். 2023 சூனில் வெளியான டெபியன் 12 இல் இருந்தது டாரின் 0.4.7 வரிசை. அந்த வரிசைக்கு டார் திட்டத்தார் 2024 சனவரி முடிவோடு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். ஏழு, எட்டு மாதம்! டெபியன் 12 க்கோ அப்போது இன்னும் பல ஆண்டு ஆயுள் இருந்தது. 'எனக்கு வந்த திருத்தத்தையெல்லாம் ஒழுங்காகப் போட்டேனே, என்னை ஏன் பழையவன் என்கிறீர்கள்?' என்று ஒரு தொண்டர் கேட்டால், நியாயம் அவர் பக்கமும் இருக்கிறது.

இல்லையென்றால் மூல நிரலை இறக்கித் தாமே ஆக்கிக்கொள்ளலாம். பெரிய கணினியில் சில நிமிட வேலை. பழைய பலகையில் வெகு நேரம் ஓடும். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் மறுபடி முதலிலிருந்து. ஆலை வேலை முடிந்து வந்தவர் ஆண்டு முழுவதும் இதைச் செய்வார் என்று எதிர்பார்ப்பவர் ஆலைப் பக்கம் போயிராதவராக இருக்க வேண்டும்.

வேறோர் இடைஞ்சலைப் பாருங்கள். நான்காம் மாதிரி வரை ராஸ்பெரி பையில் தனிக் கடிகாரம் இல்லை. விலையைக் குறைக்க விட்டுவிட்டார்கள். மின்சாரம் போய் வந்தால், கடைசியாகக் குறித்து வைத்த நேரத்தோடு அது விழிக்கும். இணையத்தைக் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளும். அந்த வழி அடைபட்டிருந்தால் அது நேற்றிலேயே இருக்கும். நேற்றில் இருக்கும் பெட்டிக்கு, இன்று கையெழுத்திட்ட திருத்தம் நாளைய தேதி போட்ட காசோலைபோலத் தோன்றும், வாங்க மறுக்கும். டாரும் நேரம் பிசகினால் வேலை செய்யாது. சில ரூபாய்ச் சில்லு ஒன்று இல்லாததால் வந்த வினை! 2023 இல் வந்த ஐந்தாம் மாதிரியில்தான் கடிகாரம் சேர்த்தார்கள். அதற்கும் மின்கலத்தைத் தனியே வாங்க வேண்டும்.

ஆக, விலை குறைந்த பொருளை வாங்குகிறவனுக்குத் திருத்தம் கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை. இதைத்தான் நாம் குற்றம் என்கிறோம். நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: 2012 இன் பலகையிலும் ஓடும்படி பல்லாண்டுகளாகப் புதிய இயங்குதளத்தை வெளியிட்டு வந்ததில் ராஸ்பெரி பைக்காரர்கள் மற்றப் பலகை வணிகர்களைவிட மேல். அதே வடிவில் பெயர் மாற்றி விற்கப்படும் வேறு பலகைகளில், விற்ற அன்று தந்த இயங்குதளமே கடைசி என்று கைகழுவியவை உண்டு. இன்னும் சிலர் 'மறைவுப் பெட்டி' என்று ஆயத்தப் பொருளாகவே விற்க வந்தார்கள். 2014 இல் 'அனோனபாக்ஸ்' என்ற பெட்டிக்கு இணையத்தில் பணம் குவிந்தது. சொன்னதும் பொருளும் ஒத்துவராததால் நிதி திரட்டிய தளமே அதை நிறுத்தியது. பின்னர் வேறு வழியாக விற்ற பெட்டிகளில் சில நூறு, பாதுகாப்புக் குறையால் 2015 இல் திரும்பப் பெறப்பட்டன. மறைவை விற்ற பெட்டிக்கே பூட்டு இல்லை!

எத்தனை ஆண்டு திருத்தம் தருவாய் என்று விற்பவனிடம் எழுதி வாங்கும் சட்டம் மெல்ல வருகிறது. இணையத்தில் இணையும் வீட்டுப் பொருள்களுக்கு இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல் அப்படி ஒரு சட்டம் நடப்பில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 டிசம்பரில் உயிர்பெற்றது. அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வர வேண்டும். அரிசி மூட்டையில் எடை அச்சிடுவதுபோலப் பலகையின் அட்டைப்பெட்டியில் திருத்தம் நிற்கும் ஆண்டையும் அச்சிடச் சொல்வதில் என்ன தவறு? வாங்குகிறவன் பார்த்து வாங்கட்டும்.

"புதியதெல்லாம் நல்லதா? புதியதில்தானே நஞ்சு வைத்தார்கள்?" என்று விவரமறிந்த தோழர் ஒருவர் மடக்கக்கூடும். 2024 மார்ச்சு நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக் கேட்கிறார். 'எக்ஸ்இசட்' என்னும் சுருக்கு மென்பொருளைத் தனியாளாகப் பராமரித்துக் களைத்துப்போன ஒருவரிடம் உதவியாளன்போல ஒட்டிக்கொண்டு, ஈராண்டுக்கு மேல் நல்ல பிள்ளையாக நடித்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒருவன் கள்ளவாசல் வைத்தான். உள்நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகித்த ஆண்ட்ரேஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்து, மார்ச்சு 29 அன்று உலகுக்கு அறிவித்தார். சோதனைப் பதிப்புகளை முந்திக்கொண்டு போட்டவர்களுக்கே அது போய்ச் சேர்ந்திருந்தது. டெபியன் நிலைப்பதிப்பில் இருந்தவர்களைத் தொடவில்லை. உண்மை. இதிலிருந்து பழையதிலேயே கிடப்போம் என்று முடிவு கட்டுவது, மருந்துக்கடையில் ஒருமுறை போலி மருந்து பிடிபட்டதால் இனி மருந்தே வேண்டாம் என்பது போன்றது. கையில் கிடைத்த முதல் சரக்கை அள்ளுவதும் கூடாது. தேங்கிக் கிடப்பதும் கூடாது. சோதித்து, கையெழுத்திட்டு, நிலையானது என்று வெளியிட்ட திருத்தத்தை, அதன் கையெழுத்தைச் சரிபார்த்து, வந்த அன்றே போடுவதுதான் வழி.

அதற்கு இன்று கருவியும் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் ராஸ்பெரி பைக்கு 64 பிட் இயங்குதளம் முறையாக வெளியானது. மூன்றாம் மாதிரியும் அதற்குப் பிந்தியவையும் அதை ஏற்கும். அதில் பெயர்க் குழப்பம் இல்லை. டார் திட்டத்தாரின் சொந்தக் களஞ்சியத்தை அவர்களுடைய கையெழுத்துத் திறவுகோலோடு சேர்த்துக்கொண்டால், இயங்குதளத்தின் பழைய பதிப்புக்குக் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. ஆளில்லாமலே திருத்தம் போடும் ஏற்பாடு டெபியனில் உண்டு. அதை இயக்கி விடுங்கள். டார் களஞ்சியத்தையும் அதன் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதை மறந்து, எல்லாம் தானாக நடக்கிறது என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. திருத்தம் வந்தால் மட்டும் போதாது, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை நிறுத்தித் தொடங்கினால்தான் புதியது வேலை செய்யும். திறவுகோல் இருக்கும் கோப்புறையை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள், எஸ்.டி. கார்டு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். வீட்டிலிருந்து ஓட்டுவதானால் பாலமோ நடுநிலையமோ ஓட்டுங்கள். மடலைக் கடைசியில் சேர்ப்பிக்கும் வாயில்நிலையத்தை வீட்டில் வைக்க வேண்டாம் என்று டார் திட்டத்தாரே சொல்கிறார்கள். ஊரான் செய்த குற்றத்துக்குக் காவலர் உங்கள் கதவைத் தட்டுவார்கள்.

2012 காலத்துப் பலகை மட்டுமே கையில் இருக்கிறது என்கிறவருக்கு நம் கருத்து இது: டார் வேலையிலிருந்து அதற்கு ஓய்வு கொடுங்கள். பிள்ளைக்கு நிரல் எழுதக் கற்றுக் கொடுங்கள், பாட்டுப் போடுங்கள், செடிக்குத் தண்ணீர் விட வையுங்கள். அது பிறந்த நோக்கமே அதுதானே. பிறர் உயிரைச் சுமக்கும் வேலையை அதனிடம் இனி ஒப்படைக்க வேண்டாம். இது அந்தத் தொண்டருக்கு இழிவு ஆகாது. பார்வை மங்கிய ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்குவது நேர்மை.

கடைசியாக ஒரு சிறு வேலை. டாரின் அமைப்புக் கோப்பில், ஓட்டுகிறவரைத் தொடர்புகொள்ளும் முகவரிக்கென்று ஒரு வரி உண்டு. கட்டாயமில்லை என்பதால் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். 2019 இல் கதவை அடைக்குமுன் எச்சரிக்கை மடல் போக முடிந்தது அந்த வரியை நிரப்பியவர்களுக்கு மட்டுமே. சொந்தப் பெயரோ வீட்டு முகவரியோ தேவையில்லை. வந்ததைப் படிக்கக்கூடிய ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். பெட்டி வைத்திருக்கும் தோழர்கள் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கட்டும். அந்த வரி காலியாக இருந்தால் இன்றிரவே நிரப்பிவிடலாம். ஐந்து நிமிடம்கூட ஆகாது.